ஒரே தெரு... ஐந்து கடப்பாரை!

போட்ட சாலையைத் தோண்டுவது, தோண்டியதை அப்படியே விட்டுப் போவது... புதுவை கிராமங்களின் முடியாத கதை

"ஏம்பா... நிறுத்து, நிறுத்து! கீழ தண்ணி பைப்பு போவுது!"

கடலோரப் பனித்திட்டில் ஒரு காலை நேரம். படகுகள் கரை சேர்ந்து, மீன் கூடைகள் ஊருக்குள் வந்துகொண்டிருக்கின்றன. தெருவை அடைத்துக்கொண்டு ஒரு ஜே.சி.பி. நிற்கிறது. இன்ஜின் இரைச்சலில் ஓட்டுநருக்கு அந்தப் பெண்ணின் குரல் எட்டவில்லை. பக்கெட் இன்னொரு முறை இறங்குகிறது. 'டப்' என்று ஒரு சத்தம். பள்ளத்துக்குள்ளிருந்து தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிடுகிறது. குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தவர்களின் குழாய் அந்த நொடியே வாயை மூடிக்கொள்கிறது.

வேலையை மேற்பார்க்கும் இளைஞர் போனை எடுக்கிறார். "சார், பைப்பு உடைஞ்சிடுச்சு. இங்க பைப்பு இருக்குன்னு யாருமே சொல்லல சார்..."

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வருகிறார். "எங்கள யாருப்பா கேட்டீங்க?"

இங்கே மண் முழுக்கக் கடற்கரை மணல். இரண்டடி இறங்கினாலே பக்கச்சுவர் சரிகிறது. ஓரடி அகலத்துக்கு எஸ்டிமேட் போட்ட பள்ளம் வேலை முடியும்போது மூன்றடி அகலமாகிவிடுகிறது. மீன் ஏற்ற வந்த ஷேர் ஆட்டோ முனையிலேயே திரும்பிக்கொள்ள, கூடைக்காரம்மா ஐஸ் நீர் சொட்டச் சொட்டத் தலையில் தூக்கிக்கொண்டு கடலூர் சாலையைப் பார்த்து நடக்கிறார். மதியம் ஒருவர் வந்து, உடைந்த குழாயில் பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றிக் கம்பியால் கட்டிவிட்டுப் போகிறார். அள்ளிப் போட்ட மணலே திரும்பப் பள்ளத்துக்குள் விழுகிறது. எந்த இடத்தில் உடைந்தது, எப்படி ஒட்டுப் போட்டார்கள் என்பது எந்த நோட்டிலும் ஏறவில்லை. அடுத்து வரும் ஜே.சி.பி.க்கும் அது தெரியப்போவதில்லை.

பாகூர், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். "ரோடு போட்டு மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள நோண்டிட்டாங்க." நகரத்து நோய் என்று நினைத்திருந்தது கிராமத்துத் தெருவுக்கும் வந்துவிட்டது.

■ தெருவுக்கு அடியில் யார் யார்?

ஒரு தலைமுறைக்கு முன்பு கிராமத்துத் தெருவுக்குக் கீழே மண்தான் இருந்தது. மின்சாரம் கம்பத்தில் வந்தது, தண்ணீர் பொதுக் குழாயில் வந்தது. இன்று நிலைமை வேறு. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊரகப் பகுதியின் எல்லா வீடுகளுக்கும் குழாய் இணைப்பு கொடுத்துவிட்டதாக அறிவித்த முதல் சில பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. ஊராட்சிகளுக்கு ஒளியிழைக் கேபிள் கொண்டுபோகும் பாரத்நெட் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்து மின்கம்பங்களை வரிசையாகச் சாய்த்த பிறகு, கடலோரத்தில் மின்கம்பியும் மண்ணுக்குள் போக வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. கடலூர் நகரில் அந்த வேலை நடந்தது. இவற்றோடு தனியார் இணையக் கேபிள், வடிகால்.

ஒவ்வொன்றும் நல்ல திட்டம்தான். வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு எஸ்டிமேட், ஒரு ஒப்பந்ததாரர், ஒரு கடப்பாரை.

.........................................
பெட்டிச் செய்தி
எவ்வளவு ஆழத்தில் எது?

நகரச் சாலைகளுக்குக் கீழே எதை எங்கே பதிக்க வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி (ஐ.ஆர்.சி. 98) இருக்கிறது. வீட்டு இணைப்புக்கான குடிநீர்க் குழாயும் தாழ்வழுத்த மின் கேபிளும் 0.6 முதல் 1 மீட்டர் ஆழத்தில். பெரிய கழிவுநீர்க் குழாய் 2 முதல் 6 மீட்டர் ஆழத்தில். ஒளியிழைக் கேபிளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வழக்கமான அளவு 1.65 மீட்டர். அதாவது, ஒளியிழை பதிக்க இறங்கும் ஒவ்வொருவரும் குடிநீர்க் குழாயையும் மின் கேபிளையும் தாண்டித்தான் கீழே போக வேண்டும். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதைப் பனித்திட்டில் பார்த்தோம்.
.........................................

■ மாசியில் தார், கார்த்திகையில் பள்ளம்

'துறைகளுக்குள் ஒருங்கிணைப்பு இல்லை' என்ற வாக்கியத்தை எத்தனையோ ஆண்டுகளாகப் படித்துவிட்டோம். ஏன் இல்லை என்று கேட்டால், பெரும்பாலும் 'அலட்சியம்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அலட்சியம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தெருவைத் தோண்டும் மாதத்தை முடிவு செய்வது இளநிலைப் பொறியாளரும் ஒப்பந்ததாரரும் இல்லை. பணம் எந்த மாதம் வருகிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

புதுச்சேரியில் 2022-லும் 2024-லும் முழு நிதிநிலை அறிக்கை தாக்கலானது ஆகஸ்ட் மாதத்தில். அதுவரை இடைக்கால ஒதுக்கீட்டில்தான் அரசு நடந்தது. ஆகஸ்டில் பட்ஜெட் என்றால், அதற்குப் பிறகு ஒதுக்கீடு, எஸ்டிமேட், டெண்டர், ஒர்க் ஆர்டர். எல்லாம் முடிந்து ஜே.சி.பி. தெருமுனைக்கு வரும்போது ஐப்பசி பிறந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் பிறக்கிறது. புதுவையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்.

அந்தப் பக்கம் மார்ச் 31. அதற்குள் பில் போடாவிட்டால் ஒதுக்கிய பணம் காலாவதி. அதனால் மாசி, பங்குனியில் அவசர அவசரமாகத் தார் ஊற்றுகிறார்கள். குழாய் போடும் துறையின் பணம் வரவில்லை என்பதற்காகச் சாலை போடும் துறை காத்திருக்க முடியாது. காத்திருந்தால் அதன் பணம் போய்விடும். தோண்டுவதற்குத் தோதான மாதங்கள் சித்திரை முதல் ஆடி வரை. மண் காய்ந்திருக்கும், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும். அந்த மாதங்களில்தான் கையில் காசு இருப்பதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்காமல் எத்தனை 'ஒருங்கிணைப்புக் கூட்டம்' போட்டாலும் காபி, பிஸ்கெட்டோடு முடிந்துவிடும்.

மழையில் தோண்டினால் என்ன ஆகும்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் தென்பெண்ணையில் வந்து பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட இரவில் தெருவும் பள்ளமும் ஒரே மட்டம். முழங்கால் தண்ணீரில் வருகிறவருக்கு எது தரை, எது குழி என்று தெரியாது. அந்த வெள்ளம் வந்தது கார்த்திகையில்.

■ உடைவது குழாய் மட்டுமா?

பள்ளத்தால் வரும் தொல்லை என்றால் இடுப்பு வலியும் தூசியும்தான் முதலில் நினைவுக்கு வரும். அவை சில்லறை. பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் நடக்கிறது.

முதலில் குடிநீர். நம் ஊர்களில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம். தண்ணீர் ஓடும்போது விரிசல் வழியாக வெளியே கசியும், அவ்வளவுதான். பம்ப்பை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். அப்போது அதே விரிசல் வழியாக வெளியிலிருக்கும் நீர் உள்ளே இழுக்கப்படும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் சாக்கடைதான் உள்ளே வரும். மறுநாள் காலை முதல் குடத்தில் பிடிப்பது அதைத்தான். சைக்கிள் டியூப் கட்டு தண்ணீர் வெளியே வருவதை ஓரளவு தடுக்கும், உள்ளே போவதைத் தடுக்காது.

2022 ஜூலையில் காரைக்காலில் நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள், சிலருக்குக் காலரா உறுதியானது. பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள். குடிநீரில் கழிவு கலந்ததுதான் காரணம் என்று குழாய்க் கசிவுகளைத் தேடித் தேடி அடைத்தார்கள். காரைக்காலில் அந்தக் கசிவுகள் எப்படி வந்தன என்ற ஆராய்ச்சிக்குள் போகவில்லை. ஒரு விரிசலுக்கு என்ன விலை என்பதற்குத்தான் அந்த ஊரைச் சொல்கிறோம்.

கழிவுநீர்க் குழாயின் கதை இன்னும் கொடியது. 2024 ஜூன் 11, ரெட்டியார்பாளையம் புதுநகர். பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியாகக் கிளம்பிய விஷவாயு, 15 வயது மாணவி உட்பட மூன்று பெண்களின் உயிரைக் குடித்தது. மண்ணுக்குள் போவது எது, அது எந்த வீட்டோடு எப்படி இணைகிறது என்ற கணக்கு அலுவலகக் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

பிறகு சாலை. தார்ச்சாலையை வெட்டிவிட்டு மேலே ஒரு தட்டு தார் பூசினால் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். கீழே என்ன நடந்தது என்பதுதான் விஷயம். பள்ளத்தை மூடும்போது 15, 20 சென்டிமீட்டர் அடுக்காக மண்ணைப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டு, ரேமரால் இடித்து இறுக்க வேண்டும். மணல் பூமியில் இது சுலபமும்கூட. தண்ணீர் விட்டாலே மணல் நன்றாக அமரும். ஆனால் ஜே.சி.பி. ஒரே தள்ளில் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு, சக்கரத்தை இரண்டு முறை ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. முதல் மழைக்கு அது அரையடி இறங்கும். இறங்கிய இடத்தில் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீர் பக்கத்திலிருக்கும் நல்ல சாலைக்கு அடியிலும் போய் ஜல்லியைத் தளர்த்தும். மூன்றடி வெட்டுக்குப் பத்தடி சாலை பாழ்.

அதற்கு மருந்தாக என்ன செய்கிறார்கள்? பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே இன்னொரு தட்டு. தெரு உயர்கிறது, வீட்டு வாசல் தாழ்கிறது, மழைத்தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டது இதனால்தான்.

உயிர்ப்பலிக்கும் குறைவில்லை. 2022 அக்டோபரில் சென்னையில், மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் இரவில் விழுந்து ஒரு தொலைக்காட்சியின் இளம் பத்திரிகையாளர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் தடுப்பு வையுங்கள், விளக்கு வையுங்கள் என்று உத்தரவுகள் பறந்தன. நம் கிராமத்துத் தெருக்களில் தடுப்பு என்பது இரண்டு வேப்பங்கிளையும் ஒரு சிவப்புத் துணியும்.

இதுவரைக்கும் மண்ணுக்குள் இருந்தது தண்ணீர், மின்சாரம், இணையம். தமிழக நகரங்களில் குழாய் எரிவாயுவும் வரத் தொடங்கிவிட்டது. பெல்ஜியத்தில் கிலாங்கியன் என்ற ஊரில் கட்டுமான இயந்திரம் ஒன்று எரிவாயுக் குழாயைக் கீறியது. அன்றே ஒன்றும் ஆகவில்லை. பிறகு 2004 ஜூலை 30 அன்று கீறிய இடம் வாய் பிளந்தது. 24 பேர் இறந்தார்கள். உடைந்தால் உடனே தெரிந்துவிடும் என்ற தைரியம் எரிவாயு விஷயத்தில் செல்லாது.

.........................................
பெட்டிச் செய்தி
தோண்டும் முன் கேளுங்கள்!

ஒருங்கிணைப்பு இல்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்பது மத்திய அரசு சொன்ன கணக்கு. இதற்காகவே 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைப் பிரதமர் தொடங்கிவைத்தார். தோண்டப் போகிறவர் இடத்தைக் குறிப்பிட்டால், அங்கே கேபிளோ குழாயோ பதித்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். தொலைத்தொடர்புக் கட்டமைப்பு உள்ள இடத்தில் முன்கூட்டித் தெரிவிக்காமல் தோண்டிச் சேதப்படுத்தினால் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது. அமெரிக்காவில் 2007 முதலே நாடு முழுவதற்கும் 811 என்ற ஒரே எண். கூப்பிட்டால் ஆள் வந்து தரையில் வண்ணப் பூச்சால் குறியிட்டுப் போவார்.
.........................................

■ தேருக்கு மட்டும் எப்படி முடிகிறது?

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் தெரியாதவர் புதுவையில் இருக்க முடியாது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர்; இன்றைக்கும் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து இழுக்கிறார்கள். அந்தத் தேர் ஓட வேண்டுமென்றால் வீதியில் பள்ளம் இருக்கக் கூடாது. குறுக்கே மின்கம்பி தொங்கக் கூடாது. போக்குவரத்தைத் திருப்ப வேண்டும். சாலைக்காரர், மின்துறை, கொம்யூன், போலீஸ், கோயில் நிர்வாகம் எல்லாம் ஒரே நாளுக்கு, ஒரே வீதிக்கு வேலை செய்தாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அது நடக்கிறது.

ஏன் நடக்கிறது? நாள் முன்பே குறித்திருக்கிறது. எந்த வீதி என்பதில் சந்தேகம் இல்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஊருக்கே தெரியும். இந்த மூன்றும் சாதாரண வேலை நாளில் இல்லை. அதிகாரிகளுக்குத் திறமை இல்லை என்பது சும்மா சொல்வது. அவர்களால் முடியும் என்பதைத் தேர் வருஷா வருஷம் காட்டிவிட்டுத்தான் நிலைக்குப் போகிறது.

வெளியூர்களில் என்ன செய்திருக்கிறார்கள்? சென்னை மாநகராட்சி, சாலை வெட்டும் துறைகளிடம் முன்கூட்டியே கட்டணம் வாங்குகிறது. பருவமழைக் காலத்தில் வெட்டவே கூடாது என்று தடை போடுகிறது. சென்னைவாசிகள் இதைப் படித்துச் சிரிப்பார்கள் என்பது தெரியும். ஆனாலும் தடை என்று ஒன்று எழுத்தில் இருந்தால்தான் மீறினார்கள் என்று கேட்க முடியும். பெங்களூரில் எல்லாத் துறைகளும் சாலை வெட்ட ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அங்கேயே சில முக்கியச் சாலைகளில் நடைபாதைக்கு அடியில் எல்லாவற்றுக்கும் குழாய்ப் பாதை அமைத்து, நடுச்சாலையைத் தொடாமல் வேலை செய்யும்படி மாற்றினார்கள். செலவு அதிகம் என்ற விமர்சனம் உண்டு, நியாயமான விமர்சனம்.

நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தலைநகரில் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள். பாரிஸின் பாதாளச் சாக்கடைகள் ஆள் நடந்து போகும் அளவுக்குப் பெரிய சுரங்கங்கள். குடிநீர்க் குழாய்களை அவற்றின் விட்டத்தில் தொங்கவிட்டார்கள். பின்னாளில் தொலைபேசி கேபிளும் அதே வழியாகப் போனது. பழுது பார்க்கத் தெருவைக் கிழிக்க வேண்டியதில்லை, உள்ளே இறங்கினால் போதும். பனித்திட்டுக்குச் சுரங்கம் வேண்டாம், அது கேலிக்கூத்தாகிவிடும். தெருவின் ஓர் ஓரம் தண்ணீருக்கு, எதிர் ஓரம் மின்சாரத்துக்கும் கேபிளுக்கும் என்று பிரித்து, குறுக்கே கடக்கும் இடங்களில் சாலை போடும்போதே காலிக் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டால் பாதி வெட்டு குறைந்துவிடும். நாலு பி.வி.சி. பைப் விலைதான்.

■ கேட்பதற்கு ஆள் எங்கே?

இவ்வளவும் தெரிந்த விஷயம்தான். செய்யச் சொல்லிக் கேட்பது யார் என்பதில்தான் புதுவை கிராமங்கள் தமிழ்நாட்டிலிருந்து வேறுபடுகின்றன.

புதுச்சேரிக்கு 1973-ம் ஆண்டிலிருந்தே கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் உண்டு. உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு, 38 ஆண்டுகள் கழித்து 2006-ல்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு கொம்யூன்களை அரசு நியமித்த ஆணையர்கள்தான் நடத்துகிறார்கள். வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருந்தால், பள்ளம் மூடாத அன்றைக்கே அவர் வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பார்கள். இன்று நாலு பேர் நிற்க வேண்டுமென்றால் சட்டமன்ற உறுப்பினரின் வீட்டுக்குத்தான் போக வேண்டும். உட்தெரு ஒன்றின் பள்ளத்துக்குச் சட்டமன்றம் வரை போவது எந்த ஊர் நியாயம்?

தெருவில் நிற்கும் பெரியவருக்குக் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்திருக்கிறது. பம்ப் ஆபரேட்டருக்கு எந்த வால்வு எங்கே என்று தெரியும். லைன்மேனுக்குக் கேபிள் ஜாயின்ட் எங்கே என்று தெரியும். அவர்கள் ஓய்வு பெற்றால் அந்த வரைபடமும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விடும். அதைக் கேட்டுக் காகிதத்தில் ஏற்றுவதற்குச் செயலி தேவையில்லை. ஊர்க்கூட்டம் ஒன்று போதும். ஒரு கொம்யூனின் உட்தெருக்கள் சென்னையின் ஒரு மண்டலத்தோடு ஒப்பிட்டால் கைக்கு அடங்கும் அளவு. பெரிய நகரத்தில் முடியாததைப் பாகூரில் ஒரு கோடையில் முடிக்கலாம்.

வாசகர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் வீட்டு முன் பள்ளம் தோண்டினால், மூடும் முன் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை அடி ஆழத்தில் எது போகிறது என்று எழுதி வையுங்கள். எந்தத் துறையின் வேலை, ஒப்பந்ததாரர் யார், மூடிச் சீராக்க எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பள்ளத்தை மூடும் வரை ஒப்பந்ததாரருக்குக் கடைசி பில் போகக் கூடாது என்று மனு கொடுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்று. பாகூர், வில்லியனூர் கொம்யூன் ஆணையர்களும், பொதுப்பணித் துறையும், மின்துறையும், கேபிள் நிறுவனங்களும் ஆடி மாதத்துக்குள் ஒரு நாள் ஒரே மேசையில் உட்காரட்டும். அடுத்த ஓராண்டில் எந்தத் தெருவை யார், எந்த மாதத்தில் தோண்டப் போகிறார்கள் என்று எழுதட்டும். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும் தெருவுக்கு, தோண்டல் முடியும் வரை தார் ஊற்றக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, குழாய் உடைப்பு போன்ற அவசரத்தைத் தவிர, எந்தத் தெருவையும் தொடக் கூடாது. அந்தப் பட்டியலைத் தமிழில், பெரிய எழுத்தில், கொம்யூன் அலுவலக வாசலில் ஒட்டட்டும்.